வாசலைப் பார்க்கும் வேலை

1990ஆம் ஆண்டு பிப்ரவரி பதினேழாம் தேதி, சனிக்கிழமை. ஹைதராபாத் சனத்நகரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் கீழ்ப்பகுதியில் அன்றைய காலை மற்ற விடுமுறைக் காலைகளைப் போலவே தொடங்கியது. அப்பா வானொலியில் செய்தி கேட்டுக்கொண்டே, கண்ணாடிக்குக் கீழே மடித்துச் செருகிய செய்தித்தாளைப் படித்துக்கொண்டே, முகச்சவரம் செய்தார். தாடையில் வழக்கமான இடத்தில் வழக்கம்போல வெட்டிக்கொண்டார். அம்மா ஓர் அடுப்பில் இட்லிக் கொப்பரையையும் இன்னோர் அடுப்பில் பாலையும் ஏற்றினாள். குழாயடியில் துணியை ஊறவைத்தாள். பிறகு மாடி வீட்டுத் தெலுங்கு அம்மாளிடம் ஜன்னல் வழியாகக் கறிவேப்பிலை கேட்டுக்கொண்டு நின்றாள். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. நான் கதைப் புத்தகம் ஒன்றைப் படித்தபடியே இட்லி தின்றேன். சட்னிக் கை பட்டு இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டதால், திருடன் எப்படிப் பிடிபட்டான் என்பது எனக்குக் கடைசிவரை தெரியாமலே போயிற்று.

அத்தை மட்டும் இட்லி சாப்பிட்டாள். அதாவது, சாப்பிடும்போது வேறு எதுவும் செய்யவில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக வேலை கிடைத்துத் திருநெல்வேலியிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தாள். அவளுடைய சுபாவத்தை எங்கள் வீட்டில் மந்தம் என்று சொன்னார்கள். ரசம் வைத்தால் அது இறங்கும்வரை அடுப்பின் எதிரிலேயே நிற்பாள். துணி மடித்தால் மடித்து முடித்த பிறகுதான் கேட்ட கேள்விக்குப் பதில் வரும். "இவ ஒரு ரசம் வைக்கதுக்குள்ள நான் கல்யாணச் சமையலே முடிச்சிருவேன்" என்று அம்மா சொல்வாள். அம்மா சொன்னது உண்மைதான். அத்தையின் ரசம் ஒருநாளும் பொங்கி வழிந்ததில்லை என்பதும் உண்மை. இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க எங்கள் வீட்டில் யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அத்தைக்கு இலாகாத் தேர்வு. தேறினால் பதவி உயர்வு. தேறாவிட்டால் அதே நாற்காலி, அதே கோப்புகள், ஓய்வு பெறும்வரை. ஏனென்றால் அது அவளுக்கு அனுமதிக்கப்பட்ட கடைசி முறை. நுழைவுச் சீட்டை இரும்பு அலமாரிக் கதவின் உட்புறம் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தாள். நான் சட்டை எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தத் தேதி கண்ணில் படும். இன்றும் எனக்கு அது மறக்காமல் இருப்பதற்கு அதுவே காரணம்.

முந்தைய இரண்டு முறையும் அவள் தோற்றதற்குக் காரணங்கள் இருந்தன. எங்கள் ஜில்லாவிலிருந்து ஹைதராபாதுக்கு யார் வந்தாலும் எங்கள் வீட்டில்தான் இறங்குவார்கள். அவர்களுக்குச் சார்மினாரையும் கோல்கொண்டாவையும் காட்டுவது எங்கள் கடமை. வீட்டில் இந்தி ஒழுங்காகப் பேசத் தெரிந்தவள் அத்தைதான். எனவே முதல் தேர்வுக்கு முந்தின நாள், ஊரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தோடு கோல்கொண்டாவின் உச்சிவரை ஏறி இறங்கினாள். இரண்டாவது தேர்வுக்கு முந்தின நாள் உறவில் ஒரு வளைகாப்பு; விடியும்வரை உட்கார்ந்து பணியாரத்துக்கு மாவாட்டினாள். இரண்டு முறையும் முடிவு வந்தபோது எல்லாரும் மிகவும் வருத்தப்பட்டார்கள். கெட்டிக்காரிதான், கவனம்தான் போதவில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

அன்று காலை இட்லி சாப்பிட்டுக் கை கழுவிய அத்தை என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். எங்கள் வராந்தாவுக்குக் கம்பிக் கதவு உண்டு. ஊருக்குப் போகும்போது மட்டும் அதில் தொங்கும் பெரிய பூட்டு அவள் கையில் இருந்தது.

"உனக்கு ஒரு வேலை தாரேன். செய்வியா?"

"செய்வேன்."

"ஒரு வேலைதான். அதுகூட வேற எதையும் சேக்கப்பிடாது. புஸ்தகம் கூடாது. விளையாட்டு கூடாது. வாசலப் பாக்கணும், அவ்வளவுதான். சாயங்காலம் விளக்கு வைக்கிற வரைக்கும் நம்ம வீட்டு ஆளத் தவிர ஒருத்தரும் உள்ள வரக்கூடாது. யாரு வந்தாலும் சரி, என்ன சொன்னாலும் சரி."

"டெல்லிலருந்து பிரதம மந்திரி வந்தா?"

"பரீட்சை முடிஞ்சு வரச் சொல்லு."

எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த வயதுவரை நான் தொடங்கிய எதையும் முடித்ததில்லை. பாதி பின்னிய கம்பளித் துண்டு, பாதி வரைந்த படம், பாதி ஒப்பித்த வாய்ப்பாடு என்று வீடெங்கும் என் பாதிகள் கிடந்தன. அத்தைக்கு அது தெரியும். "நீ ஒண்ண உருப்படியா முடிச்சு நான் பாத்ததில்ல. ஆனா உனக்குப் பிடிவாதம் உண்டு. அது போதும்" என்று சொல்லிச் சாவியை என் பாவாடை நாடாவில் முடிந்துவிட்டாள். பிறகு பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த அறையின் ஒரே ஜன்னல் வீட்டின் பக்கவாட்டில், வராந்தாவை ஒட்டித் திறந்தது.

நான் முக்காலியைக் கதவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன்.

முதலில் சோதித்தது அம்மா. அவரைக்காய் நிறைந்த முறத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"சும்மாத்தான இருக்க? இத நார் உரி."

"எனக்கு வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"வாசலப் பாக்கது."

"பாக்கது கண்ணு. கை சும்மாத்தான கெடக்கு?"

இதற்குப் பதில் சொல்வது கடினமாக இருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "கை சாவியப் பிடிச்சிருக்கு" என்றேன். அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு, "அத்தைக்கும் மருமவளுக்கும் ஒரே மண்டை" என்று சொல்லியபடி உள்ளே போனாள்.

அடுத்தது எதிர் வீட்டுச் சிநேகிதி. கில்லியும் தாண்டுமாகக் கதவுக்கு வெளியே வந்து நின்று, "கைக்கு நை ஆரீ?" என்று ஹைதராபாத் இந்தியில் கேட்டாள். "காம் ஹை" என்றேன். ஏன் வரவில்லை என்பதற்கு, வேலை இருக்கிறது என்று என் வாழ்நாளில் நான் சொன்ன முதல் பதில் அது. சொல்லும்போது பெருமையாக இருந்தது. அவள் போன பிறகு அழுகை வந்தது.

காலை நேரம் மிகவும் சிரமப்பட்டுத்தான் கழிந்தது. கால் ஆடியது, கை எதையாவது தேடியது, மனசு ஒட்டிக்கொண்ட அந்த இரண்டு பக்கங்களுக்கே ஓடியது. ஒவ்வொரு முறையும் இழுத்து வந்து வாசலில் வைத்தேன். ஆலைச் சங்கு ஊதி ஓய்ந்த பிறகு எப்போதோ இழுக்க வேண்டிய தேவை நின்றுவிட்டது. தெரு தெரிய ஆரம்பித்தது. இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியில் கரி போடுவதற்கு முன் பழைய சாம்பலை ஒவ்வொரு தடவையும் அதே வேப்பமரத்தடியில்தான் கொட்டினார். தெரு நாய் எல்லாச் சைக்கிளையும் பார்த்துக் குரைக்கவில்லை. பின்னால் பெட்டி கட்டிய சைக்கிளைப் பார்த்து மட்டுமே குரைத்தது. மாடி வீட்டு அம்மாள் கணவர் வேலைக்குப் போகும்போது கைகாட்டிவிட்டு, அவர் முனை திரும்பிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறந்ததிலிருந்து நான் அந்தத் தெருவில்தான் இருந்தேன். அன்றுதான் அதைப் பார்த்தேன்.

அப்பாவோடு சதுரங்கம் ஆடுவதற்காகச் சனிக்கிழமை தவறாமல் வரும் அலுவலக நண்பரை, அப்பா குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் திருப்பி அனுப்பினேன். சாம்பிராணிக்காரரை அனுப்பினேன். ஊதுவத்தி விற்க வந்தவர், தன் ஊதுவத்தி படிப்புக்கு மிகவும் நல்லது என்று சொல்லிப் பார்த்தார். அவரையும் அனுப்பினேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக்குள் சில மாறுதல்கள் நடந்தன. அம்மா கேசரி கிளறினாள். அத்தையின் பச்சைப் பட்டுப்புடவையை எடுத்து இஸ்திரி போட்டாள். அப்பா வேட்டியிலிருந்து கால்சட்டைக்கு மாறினார். யார் வருகிறார்கள் என்று கேட்டேன்.

"ஊர்லருந்து தெரிஞ்சவுக. கோல்கொண்டா பாக்க வந்திருக்காவ. மாமா கூட்டிட்டு வாரான். ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போயிருவாவ."

"யாரையும் விடப்பிடாதுன்னு அத்தை சொல்லியிருக்கா."

"அதெல்லாம் மாமா வந்தா நீ விட்டுருவ" என்று அம்மா சிரித்தாள்.

மாமா அம்மாவின் அண்ணன். செகந்திராபாதில் ரயில்வே பணிமனையில் வேலை. மாமா விருந்தாளிகளைப் பேருந்தில் கூட்டி வருவதாக ஏற்பாடு. அவர்களை எதிர்கொள்ள அப்பா பேருந்து நிறுத்தத்துக்குப் போனார். காலையில் பொங்கிப் போனதால் காபிக்குப் பால் பற்றவில்லை. அம்மா செம்பை எடுத்துக்கொண்டு மாடி வீட்டுக்குக் கிளம்பினாள். அவளை வெளியே விட்டுப் பூட்டினேன்.

அம்மா மாடிப்படி ஏறியதும் ஒரு ஆட்டோ வந்து நின்றது. முதலில் சரிகைப் புடவை கட்டிய ஓர் அம்மாள் இறங்கினாள். அப்புறம் விபூதி பூசிய ஒரு பெரியவர். கடைசியாக, புதுச் சட்டையில் மடிப்புக் கலையாத ஒரு இளைஞர். மாமா கடைசி நேரத்தில் பேருந்து வேண்டாம் என்று அவர்களை ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் தன் ஸ்கூட்டரில் பின்னால் கிளம்பியதும், அது வழியில் நின்றுபோனதும் பிறகுதான் தெரிந்தது.

"இதானம்மா வீடு?" என்று அந்த அம்மாள் கம்பியைப் பிடித்துக் கேட்டாள். "அப்பா இருக்காவளா?"

"பஸ் ஸ்டாப்புக்குப் போயிருக்காவ."

"அம்மா?"

"மேல போயிருக்கா."

"அப்போ அத்தை?"

"இருக்கா. ஆனா பாக்க முடியாது, ஆச்சி. நாளைக்குப் பரீட்சை."

ஆச்சி என்றதும் அவள் முகம் கொஞ்சம் சுருங்கியது. எங்கள் பக்கம் பாட்டியைத்தான் அப்படிக் கூப்பிடுவோம். அவளுக்கு இன்னும் பேரப்பிள்ளை இல்லை. "நாங்க உங்க அத்தையத்தாம்மா பாக்க வந்திருக்கோம்" என்றாள்.

"கோல்கொண்டா பாக்கத்தான வந்தீக?"

இளைஞர் மறுபக்கம் திரும்பிச் சிரித்தார். பெரியவர், "கதவத் தெறம்மா. உள்ள உக்காந்து பேசுவோம். வெயிலு" என்றார்.

"நக்கோ."

"நக்கோவா? அப்படின்னா?"

"வேண்டாம்னு அர்த்தம். அந்த மரத்தடியில நில்லுங்க, நிழலா இருக்கும். சாம்பல் மட்டும் பாத்துக்கிடுங்க."

யாரும் நகரவில்லை. அந்த அம்மாள் குரலை உயர்த்தி உள்ளே பார்த்துக் கூப்பிடப் போனாள். நான் முக்காலிமேல் ஏறி நின்று கம்பிக்கு இந்தப் பக்கம் அவள் உயரத்துக்கு வந்தேன். "சத்தம் போடாதீங்க. ரெண்டு தடவ இப்படித்தான் ஆச்சு. மூணாவது தடவையும் ஆச்சுன்னா அப்புறம் எழுதவே முடியாது" என்றேன். என் கை சாவி முடிச்சைவிட்டு அசையவில்லை.

இளைஞர் ஓர் அடி முன்னால் வந்தார். "உங்க அத்தை எப்பவுமே இப்படித்தானா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஹவ், ஆமா. ஒரு நேரத்துல ஒண்ணுதான். ரசம் வச்சா ரசம். சண்டை போட்டா சண்டை."

"சண்டையா?" என்றாள் அம்மாள். "சமையலாவது செய்வாளா?"

"நல்லா செய்வா. ஆனா அடுப்பப் பத்த வச்சா புஸ்தகத்த மூடிருவா. புஸ்தகத்தத் தொறந்தா அடுப்ப அணைச்சிருவா. இன்னைக்குப் புஸ்தகம்."

பெரியவர் தம் மனைவியைப் பார்த்தார். மனைவி மகனைப் பார்த்தாள். மகன் பூட்டைப் பார்த்தார்.

அந்த நேரம் அம்மா பால் செம்போடு மாடிப்படியில் இறங்கினாள். பாதிப்படியில் அப்படியே நின்றாள். பின்னாலேயே மாடி வீட்டு அம்மாளும் வந்து, என்ன ஆயிற்று என்று தெலுங்கில் கேட்டாள். "ஏமைந்தி, வதினா?" அம்மாவுக்கு அதைக் கேட்கும் நிலை இல்லை. ஓடி வந்து கம்பிக்குள் கை விட்டாள்.

"ஏ மூதி, சாவிய எடு! வந்தவுகள வாசல்ல நிறுத்தி வச்சிருக்க?"

"நீ மட்டும்னா உள்ள வரலாம்."

"என்னது?"

"தொறந்தா அவுகளும் வருவாக. அத்தை சொன்னா தொறக்கேன்."

"அடியே, இவுக யாருன்னு தெரியுமா உனக்கு?"

"யாரா இருந்தாலும் விடப்பிடாதுன்னு சொல்லியிருக்கா."

அம்மா அத்தையைப் பெயர் சொல்லி அழைத்தாள். இரண்டு தடவை. பின்னறையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. எனக்குப் புல்லரித்தது. இவ்வளவு கூச்சலிலும் காதில் எதுவும் விழாத அளவுக்கு அத்தை படிக்கிறாள் என்று நினைத்தேன். அவள் ஒழுங்காகப் படிக்கிறாள் என்றால் நானும் ஒழுங்காக நிற்க வேண்டும். தொண்டை வறண்டிருந்தது. தண்ணீர் குடிக்க உள்ளே போனால் வாசல் போய்விடும் என்று போகவில்லை.

மாமா ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். நிலைமையைப் பார்த்ததும் முதலில் தமாஷ் செய்தார். "ஏ பிள்ள, நீ என்ன கோல்கொண்டா காவக்காரியா? பீரங்கி எங்க?" நான் சிரிக்கவில்லை என்றதும் அவர் குரல் மாறியது. அதற்குள் அப்பாவும் பேருந்து நிறுத்தத்திலிருந்து திரும்பிவிட்டார்.

"பூட்ட ஒடச்சிருவோம், மாப்ள. டூல்பாக்ஸ்ல சுத்தியல் இருக்கு" என்றார் மாமா.

"உங்க மவகிட்ட நீங்க சொல்லுங்க" என்று அம்மா அழுகையும் கோபமுமாகச் சொன்னாள்.

அப்பா கம்பிக்கு அருகில் வந்தார். அவர் சொன்னால் திறந்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. அதனால் அவர் பேசுவதற்கு முன்னால் நான் பேசினேன். "அப்பா, ரெண்டு தடவ நாமதான் தோக்க வச்சோம்" என்றேன். எங்கிருந்து அந்த வாக்கியம் வந்தது என்று தெரியவில்லை. அதை அதுவரை யாரும் எங்கள் வீட்டில் சொன்னதில்லை.

அப்பா கால்சட்டைப் பையில் கைவிட்டபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பி விருந்தாளிகளைப் பார்த்துக் கும்பிட்டார்.

"மன்னிச்சுக்கிடணும். இன்னைக்கு வரச் சொன்னது எங்க தப்பு. நாளைக்கு அவளுக்குப் பரீட்சை. அது முடியட்டும்."

"இந்தப் பிள்ள சொல்லுத வரைக்கும் எங்களுக்குப் பரீட்சை சங்கதியே தெரியாது" என்று பெரியவர் மாமாவைப் பார்த்துச் சொன்னார். மாமா ஸ்கூட்டரின் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதில் முழுக் கவனம் செலுத்தினார்.

நிலைமையைக் காப்பாற்றியது மாடி வீட்டு அம்மாள்தான். எல்லாரையும் மாடிக்கு அழைத்துப்போய், எங்களுக்குக் கொடுத்த பாலைத் திரும்ப வாங்கி, அவளே காபி போட்டாள். மொழி புரியாமல் எல்லாரும் மரியாதையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்களாம். கேசரி எங்கள் வீட்டுக்குள், என் பாதுகாப்பில், ஆறிக்கொண்டிருந்தது. போகும்போது இளைஞர் மட்டும் எங்கள் கதவருகே நின்றார். "நல்லாப் பாத்துக்கிட்ட" என்றார். ஆட்டோ முனை திரும்பும்வரை பார்த்தேன். அவர்கள் போவதையும் பார்ப்பது என் வேலையில் சேர்த்தி என்று தோன்றியது.

விளக்கு வைக்கும் நேரத்தில் பின்னறைக் கதவு திறந்தது. அத்தை வந்து பூட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"யாராவது வந்தாவளா?"

"வந்தாவ. அனுப்பிட்டேன்."

"சரி" என்றாள். சாவியை என் நாடாவிலிருந்து அவிழ்த்தாள். நான் முதலில் தண்ணீர் குடிக்க ஓடினேன். அம்மா உள்ளே வந்ததும் என் முதுகில் இரண்டு வைத்தாள். அத்தையோடு அன்றிரவு ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சாப்பிட்டார்.

அது பெண் பார்க்க வந்த குடும்பம் என்பது எனக்குச் சில நாள் கழித்துத்தான் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் முதலில் பேசியிருக்கிறார்கள். அன்று தேர்வு என்பதால், அத்தைமேல் உள்ள அக்கறையில், சனிக்கிழமைக்கு மாற்றியிருக்கிறார்கள். ஒருமணி நேரம் பட்டுப்புடவை கட்டி உட்கார்ந்து எழுந்தால் என்ன ஆகிவிடும் என்று எல்லாரும் நம்பினார்கள். முன்கூட்டிச் சொன்னால் அவள் மறுப்பாள் என்பதால் சொல்லவில்லை. அம்மாவின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். நாத்தனாருக்கு வயது இருபத்தேழு, இன்னும் வீட்டில் வைத்திருக்கிறாள் என்ற பேச்சு ஊரில் அம்மாவின் தலையில்தான் விழுந்தது. அந்த வரனுக்காக அவள் பல மாதம் மாமாவை விரட்டியிருந்தாள்.

அத்தைக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பது புரிய எனக்கு வெகுகாலம் ஆனது. தன் பச்சைப் பட்டுப்புடவையை அம்மா முதல்நாளே வெயிலில் உலர்த்தியதைப் பார்த்து அவள் யூகித்திருக்கிறாள். ஜன்னல் வழியாக ஒவ்வொரு வார்த்தையும் அவள் காதில் விழுந்திருக்கிறது. நான் வேலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள் அவளிடமே கேட்டேன். அப்படியானால் முடியாது என்று நீயே சொல்லியிருக்கலாமே, ஏன் சிறுபிள்ளையை நிறுத்தினாய் என்று.

"முடியாதுன்னு சொல்லதும் ஒரு வேலைதான்" என்றாள். "அழணும், சண்டை போடணும், அப்புறம் சமாதானம் ஆகணும். ஒரு நாள் முழுசா வேணும். எனக்கு அன்னைக்கு ஒரு வேலைதான் இருந்துச்சு. அதான் இத உன்கிட்ட குடுத்தேன்."

அதே பேச்சில்தான் இன்னொன்றும் சொன்னாள். அந்தப் பூட்டுக்கு இரண்டாவது சாவி உண்டு. அது எப்போதும் அப்பாவின் சாவிக்கொத்தில், அவருடைய கால்சட்டைப் பையில் இருக்கும்.

அத்தை தேறினாள். நாக்பூருக்குப் பதவி உயர்வில் போனாள். அங்கே தன் விருப்பப்படி, தன் நேரத்தில், உடன் வேலை பார்த்த ஒருவரை மணந்தாள். அன்று வந்த இளைஞருக்கும் அந்த வருடமே வேறிடத்தில் திருமணம் ஆயிற்று. அவர்கள் குடும்பத்தில் ஹைதராபாத் என்றால் இன்னும் என்னைத்தான் சொல்கிறார்களாம்.

நான் இப்போது இதே ஹைதராபாதில், கொண்டாப்பூரில் இருக்கிறேன். எங்கள் குடியிருப்பின் வாசலில் சீருடைக் காவலர்கள் நிற்கிறார்கள்; அவர்களைத் தாண்டி யாரும் வர முடியாது. வருகிறவர்கள் எல்லாரும் கைப்பேசி வழியாக வருகிறார்கள். நாளின் முக்கியமான வேலைக்கு உட்காருவதற்கு முன் அதை அணைத்து, அலமாரியில் வைத்துப் பூட்டுகிறேன். என் மகள் இதைப் பார்த்துத் தெலுங்கில் கேலி செய்கிறாள். செய்யட்டும். பூட்டுக்கு வெளியே நிற்கும் எதுவும் அவ்வளவு சீக்கிரம் செத்துப்போவதில்லை என்று எனக்கு ஒன்பது வயதிலேயே தெரியும்.

ஆனால் அந்த வயதில் எனக்குப் புரியாமல் போனவற்றில் ஒன்று மறுநாள் காலையில்தான் நடந்தது.

பிப்ரவரி பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை. நான் கண் விழித்தபோது வீட்டில் சத்தமே இல்லை. அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. துணி ஊறவில்லை. அம்மா கூடத்தின் நடுவில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் தேர்வுக்குப் போக வேண்டிய அத்தை, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அம்மா அவளுடைய நீண்ட தலைமுடியை மூன்றாகப் பிரித்து, சிக்கெடுத்து, இழுத்துப் பின்னிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் பேசவில்லை. அம்மாவுக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். கோபம் துளியும் குறையாமலே ஒருத்திக்குத் தலை வாரிவிட முடியும் என்பது எனக்குத் தெரியாது.

வாசலில் பால்காரர் மணியடித்தார். அம்மா திரும்பவில்லை. அவர் மறுபடி அடித்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"நிக்கச் சொல்லு" என்றாள் அம்மா. "தலை பின்னிக்கிட்டு இருக்கேன்லா."